முகத்தைக் காட்டிப் பேசு மக்ளே

கொஞ்சம் நீளமான இழை இது. நேரம் இருக்கும்போது வாசிங்க. வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கடைசி வரைக்கும் வாசிங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பெரியவரை அவருடைய மருமகள் கூட்டிக்கொண்டு வந்தார்.

"டாக்டர், மாமாவுக்கு மறதி வந்துட்டு. ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்லுதாவ. பைப்பைத் தொறந்து விட்டுட்டு அப்படியே போயிருதாவ. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாவ. மூளைக்கு ஒரு ஸ்கேன் எழுதித் தாங்க."

பெரியவர் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனித்துப் பார்த்தேன். அவர் பார்வை என் உதட்டில் இருந்தது.

அந்தப் பார்வையை எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசு முழுக்க அந்தப் பார்வைக்கு முன்னால்தான் வளர்ந்தேன். அது என்ன பார்வை என்று புரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. அதில் ஐந்து வருஷம் நான் மருத்துவம் படித்த வருஷங்கள். அதுதான் வெட்கம்.

எங்க பாட்டாவைப் பற்றித்தான் சொல்லப் போறேன். குமரி மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக: எங்க ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம். 2018 செப்டம்பரில் அவர் போயிட்டார்.

பாட்டா பிறந்தது 1939-ல், மயிலாடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில். அப்போ இதெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யம். ரிங்கல்தௌபே ஐயரும் மகாராசன் வேதமாணிக்கமும் 1809-ல் ஆலயம் கட்டின மயிலாடி பற்றிப் பேச ஆரம்பித்தால் பாட்டா நிறுத்த மாட்டார். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்கு 17 வயசு. இரண்டு வருஷம் கழித்து பட்டாளத்தில் சேர்ந்தார்.

பீரங்கிப் படை. நாசிக் ரோடு முகாமில் பயிற்சி. பிறகு '25 பவுண்டர்' பீரங்கியில் லேயர் வேலை. லேயர் என்றால் குறி பார்த்துத் திருப்பி, கடைசியில் சுடுகிறவர். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். ஒரு குண்டு 25 பவுண்டு, அதாவது பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. லேயருக்கு இடம் பீரங்கியின் இடது பக்கம்.

இந்த 'இடது பக்கம்' என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்க. பிறகு தேவைப்படும்.

1965 யுத்தத்தில் சியால்கோட் பகுதியில் இருந்தார். 1971-லும் மேற்கு எல்லைதான். 1978-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். யுத்தக் கதை கேட்டால் சொல்லவே மாட்டார். "சத்தம் மக்ளே. வேற ஒண்ணும் ஓர்மையில்ல" என்பார். அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஊருக்கு வந்தபிறகு அவருக்கு இரண்டு உலகம். ஒன்று சபை. இன்னொன்று நாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பெருக்கி, பெஞ்சுகளை நேராக்கி வைப்பது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. கண்ணளவுக்கு விட மாட்டார். நூல் பிடித்து வைப்பார். பென்ஷன் வந்த அன்றைக்கே பத்தில் ஒரு பங்கு காணிக்கைக் கவருக்குள் போயிடும். அசனம் என்றால் முந்தின நாள் ராத்திரியே அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சோறு கடைசி வரிசைக்கும் வந்துதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் இலையைப் போடுவார்.

நான் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனது அவருடைய சைக்கிளின் முன்கம்பியில். வழியில் நான் நிறையப் பேசுவேன். அவர் பதிலே சொல்ல மாட்டார். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, குனிந்து, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "இப்போ சொல்லு. வழியில என்னமோ சொன்னியே?" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். யார் என்ன பேசினாலும் ஒரே அதட்டல். "முகத்தக் காட்டிப் பேசு!"

மிலிட்டரி ஒழுங்கு என்று நினைத்தோம். கண்ணைப் பார்த்துப் பேசணும், அதுதான் மரியாதை என்று எங்க அப்பா எங்களுக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வசனம் சொல்லும்போது பாட்டா முன் பெஞ்சில் இருந்து என்னையே முறைத்துப் பார்ப்பார். ஒரு வார்த்தை தப்பினாலும் பிடித்துவிடுவார் என்று எனக்குக் கால் நடுங்கும். முடித்ததும் சிரித்தபடி தலையாட்டுவார். 'அப்பாடா, தப்பில்லை' என்று இறங்கி ஓடி வருவேன்.

அந்த முன் பெஞ்சுக்கும் ஒரு கதை உண்டு. பாட்டா எப்போதும் முன் வரிசையில், வலது பக்கச் சுவரை ஒட்டின கடைசி இடத்தில்தான் உட்காருவார். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் நிற்பார். அவங்க எழும்பும் வரை நிற்பார். ஒரு தடவை முன் வரிசையை விருந்தினர்களுக்கு ஒதுக்கினார்கள். பாட்டா கேட்கவில்லை. பெரிய வாக்குவாதம். 'பெருமை பிடிச்ச பட்டாளத்தான்' என்று பேர் வந்தது. அந்தப் பேர் கடைசி வரைக்கும் போகவில்லை.

அதற்கும் முன்னால் அவர் பாடகர் குழுவில் இருந்தாராம். சுருதி சேரவில்லை என்று யாரோ முணுமுணுத்த பிறகு, "தொண்டை சரியில்ல" என்று சொல்லி அவராகவே விலகிவிட்டார். ஆனால் சபையோடு சேர்ந்து பாடும்போது எல்லாரையும் மிஞ்சின குரலில் பாடுவார். நாங்க பேரப்பிள்ளைகள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வோம்.

ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் ரேடியோ ஓடணும். நிலையம் கிடைக்கணும் என்றுகூட இல்லை. இரண்டு நிலையத்துக்கு நடுவில் வருமே அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம், அது போதும் அவருக்கு. கிறுக்கு என்று பாட்டி சிரிப்பாள்.

2006-ல் எனக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்டெதஸ்கோப் வாங்க பாட்டாதான் பணம் கொடுத்தார். வாங்கின அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டு வந்து அவர் காதில் மாட்டி, மறுமுனையை அவர் நெஞ்சிலேயே வைத்தேன். பாட்டா அப்படியே அசையாமல் இருந்தார். ரொம்ப நேரம். கழற்றச் சொன்னால் கையால் தடுத்தார்.

"நல்லா கேக்கு மக்ளே. லப் டப், லப் டப்."

பாட்டாவுக்குக் காது நல்லாத்தான் இருக்கு என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன்.

தப்பான முடிவு. ஏன் தப்பு என்று இப்போ சொல்றேன்.

இதயத் துடிப்பு தாழ்ந்த அதிர்வெண் கொண்ட சத்தம். இடி, லாரி, ஆண்குரலின் கனம், இதெல்லாம் அந்தப் பக்கம். பேச்சில் உள்ள உயிரெழுத்துகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் ச, த, க, ட, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற சத்தம் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கு. பெண்கள், குழந்தைகளுடைய குரலும் அந்தப் பக்கம்.

நம் உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதற்குள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் அளவில் நுண்ணிய முடிச் செல்கள். சத்தத்தை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை இவைதான். மனுஷனுக்கு இவை செத்தால் திரும்ப முளைக்காது. பெரிய சத்தம் முதலில் கொல்வது 4000 ஹெர்ட்ஸை ஒட்டின உயர் அதிர்வெண் செல்களை.

எவ்வளவு சத்தம் ஆபத்து? 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கும். 88 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிஷம். 140-ஐத் தாண்டின வெடிச் சத்தம் ஒரே ஒரு தடவை போதும், நிரந்தர சேதம் ஆகலாம். பீரங்கி 140-க்கும் மேலே.

இப்படிப்பட்ட காதுக்கு 'சத்தம்' கேட்கும். 'வார்த்தை' கேட்காது. அதனால்தான் அவங்களே, "எனக்குக் காது கேக்குது, நீங்கதான் ஒழுங்கா பேச மாட்டேங்கிறீங்க" என்று சொல்றாங்க. அவங்க பொய் சொல்லவில்லை. அவங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது.

இதெல்லாம் எனக்கு உறைத்தது 2011-ல், பயிற்சி மருத்துவராக இ.என்.டி. பிரிவில் இருந்தபோது. ஒரு முன்னாள் ராணுவ வீரருடைய ஆடியோகிராம் என் கையில் இருந்தது. கோடு நேரா வந்து 4000 ஹெர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. "டியூட்டி டாக்டர், அவருக்கு முகத்தைக் காட்டிப் பேசுங்க, உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறார்" என்றார் பரிசோதனை செய்தவர்.

முகத்தைக் காட்டி.

அந்த நிமிஷத்தில் சைக்கிள், கிறிஸ்துமஸ் வசனம், முன் பெஞ்ச், ரேடியோ எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வசனத்தில் தப்புப் பிடிக்க அவர் முறைக்கவில்லை. என் உதட்டில் வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே பாட்டாவைக் கூட்டி வந்து பரிசோதனை செய்தோம். இரண்டு காதும் பாதிப்பு. வலது காது ரொம்ப மோசம். லேயர் பீரங்கிக்கு இடது பக்கம் உட்காருகிறவர் அல்லவா? குழல் அவருடைய வலது காதுப் பக்கம். ஆலயத்தில் வலது சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இடது காது பிரசங்க பீடத்தைப் பார்த்து இருக்கும். அந்த இடத்துக்காகத்தான் அத்தனை சண்டை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் முதல் தடவையாக யுத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். 1965 செப்டம்பர் 23 அதிகாலை போர் நிறுத்தம். எல்லாப் பீரங்கியும் நின்றுவிட்டது. இவருக்கு மட்டும் 'ங்கீ' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவரிடம், "எவம்லே இன்னும் விசில் அடிக்கான்?" என்று கேட்டாராம். யாரும் அடிக்கவில்லை. அந்த விசில் பிறகு நிற்கவே இல்லை. 46 வருஷம். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் ராத்திரி ரேடியோ.

"ஏன் பாட்டா அப்பவே சொல்லல?"

"காது கேக்காதவனுக்கு லேயர் வேலை கிடையாது மக்ளே. பொறவு சொல்லி என்னத்துக்கு?"

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்ல பேரப்பிள்ளை. முடியவில்லை.

காது கேட்கும் கருவி வந்தது. முதல் நாள் மாட்டினதும் பாட்டா முகம் சுளித்தார். காக்கா கத்துவது, தட்டு உரசுவது, ஃபேன், தன் செருப்புச் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள். இரண்டாம் நாள் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்கணும். பல வருஷமாகக் கேட்காத சத்தங்களை மூளை மறந்திருக்கும். திரும்பப் பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் அமைதியான அறையில் தினம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு வெளியே என்று மெதுவாகப் பழக்கணும். சத்தம் அதிகமா இருந்தால் திரும்பப் போய் அளவைத் திருத்தணும். இதை யாராவது பக்கத்தில் இருந்து செய்யணும்.

நான் பக்கத்தில் இல்லை. பயிற்சி முடித்து வேறு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். போனில், "கருவி போடுதாவளா?" என்று கேட்பேன். "ஆமா, ஆமா" என்பார்கள். நானும் அதற்கு மேல் தோண்டவில்லை.

2013-ல் பாட்டி உடம்பு சரியில்லாமல் படுத்தாள். கடைசி நாள் ராத்திரி பாட்டா மட்டும்தான் கட்டில் பக்கத்தில் இருந்தார். நான் காலையில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்க ஆராதனை முடிந்து ஆட்கள் எல்லாம் போனபிறகு பாட்டா என்னைக் கூப்பிட்டார்.

"மக்ளே, அவ கடைசியா என்னமோ சொன்னா. ரெண்டு மட்டம் சொன்னா. வாய் அசைஞ்சுது. விளக்கு வெளிச்சம் பத்தல்ல, எனக்குத் தெரியல்ல. நான் செரி செரின்னு தலையாட்டிட்டேன். ஒனக்கு ஏதும் சொல்லியிருந்தாளா?"

இல்லை. யாருக்கும் தெரியாது. 53 வருஷம் கூட இருந்த மனுஷி சொன்ன கடைசி வார்த்தைக்கு என்ன என்று தெரியாமலேயே 'செரி' சொல்லியிருக்கார்.

கருவி அதே அறையில், கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் இருந்தது.

இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

பாட்டி போனபிறகு பாட்டா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். போன் அடித்தால் எடுப்பதில்லை. அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். 2015-ல் அத்தை போன் பண்ணினாள். "பாட்டாவுக்கு மறதி முத்திட்டு. ஒரு மட்டம் வந்து பாரு."

நான் வந்தேன். டாக்டர் தோரணையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, திண்ணையில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, தாளைப் பார்த்துக் குனிந்தபடியே மறதிக்கான கேள்விகளைக் கேட்டேன்.

"பாட்டா, இன்னைக்கு என்ன தேதி?"

"ஒரு சேதியும் இல்ல மக்ளே. எல்லாரும் சொகம்."

எழுதிக்கொண்டேன். தப்பு.

"இது என்ன மாசம்?"

"வாசமா? அத்தை கருவாடு சுடுதா."

அதுவும் தப்பு. அத்தை உள்ளே இருந்து என்னைப் பார்த்து, 'பாத்தியா?' என்கிற மாதிரி தலையாட்டினாள்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். பதில் இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவ்வளவுதான், பாட்டா போயிட்டார் என்று நினைத்தேன்.

அப்போ பாட்டா கையை நீட்டி என் நாடியைப் பிடித்து முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"முகத்தக் காட்டிப் பேசு மக்ளே."

நான்தான் மறந்திருக்கேன். அவர் காதைப் பரிசோதித்ததே நான்தான். வலது காது என்று ஆடியோகிராமில் பார்த்ததும் நான்தான். அதே வலது காதில், குனிந்துகொண்டு, கேள்வி கேட்டதும் நான்தான்.

கேள்விகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினார்.

'23.8.2015. ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாசம். கொல்லம் ஆண்டு 1191. பெந்தெகொஸ்தேக்குப் பின் 13-ஆம் ஞாயிறு.'

நான் கேட்டது தேதியும் மாசமும்தான்.

கீழே கணக்கு. '93, 86, 79, 72, 65.' அதோடு நிறுத்தாமல் '58, 51, 44' என்று போய், கடைசியில் '2' என்று முடித்துக் கோடு போட்டிருந்தார். பீரங்கிக்குக் கோணக் கணக்குப் போட்ட மூளை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கு.

அந்தத் தடவை பத்து நாள் விடுப்பு போட்டேன். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டம் மூலமா புதுக் கருவி ஏற்பாடு செய்தோம். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, நான் எதிரே உட்கார்ந்து வேதாகமம் வாசிப்பேன். முதலில் உதட்டைப் பார்த்து. பிறகு புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு. நான் போனபிறகு அத்தை தொடர்ந்தாள். அவள் பொறுமைக்குத்தான் எல்லாப் பேரும் சேரணும். இரண்டு மாசத்தில் ஆலயத்துக்கே கருவியோடு போக ஆரம்பித்தார்.

முதல் ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்குப் போன் பண்ணச் சொன்னார்.

"மக்ளே, இத்தன வருசமா நான் இவ்வளவு மோசமாவா பாடினேன்? ஒருத்தனும் சொல்லல்லியே!"

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் பாடுவார். எங்களுக்கு அந்தப் பழைய சத்தம் இல்லாதது ஒரு மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

விசில் முழுசா நிற்கவில்லை. யுத்தம் எடுத்துக்கொண்டது எல்லாம் திரும்ப வரவும் இல்லை. கூட்டத்தில் கஷ்டப்படுவார். ஆனால் மூன்று வருஷம் நாங்க அவரோடு பேசினோம். கூப்பிட்டால் திரும்பினார். ஐக்கியக் கூட்டத்துக்குத் திரும்பவும் போனார். 'மறதி' என்ற வார்த்தை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

2018 செப்டம்பரில் நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது வழக்கம்போல மோதிரம், கண்ணாடி, கருவி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மோதிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திரும்பப் போட்டுவிடச் சொன்னேன். அந்த நர்ஸ் தங்கச்சி மறுபேச்சு பேசாமல் போட்டுவிட்டார். அவருக்கு என்றைக்கும் நன்றி.

பார்க்க அனுமதித்த நேரத்தில் நான் அவருக்கு இடது பக்கம் போய், மாஸ்கைக் கீழே இறக்கி, முகத்தைக் காட்டிப் பேசினேன். அவர் கேட்டார். பதிலும் சொன்னார். என்ன பேசினோம் என்பது எங்க இரண்டு பேருக்குள் இருக்கட்டும். ஆனால் கேட்டுத்தான் பதில் சொன்னார், சும்மா தலையாட்டவில்லை. எனக்கு அது போதும்.

ஆலயத்தில் அவருடைய அந்த மூலை இடத்தை அடக்க ஆராதனை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. அவரோடு அந்த இடத்துக்காகச் சண்டை போட்டவரே அங்கே யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார்.

சரி, இப்போ உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் கேட்கும் திறன் குறைவு இருக்கு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் மறதி நோய்க்கான, நம்மால் சரிசெய்யக்கூடிய 14 காரணிகளைப் பட்டியல் போட்டது. அதில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று. கருவி போட்டால் மறதி நோயே வராது என்று நான் சொல்லவில்லை. காது கேட்காமல் இருப்பது மறதி மாதிரித் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் மறதி வரும் வாய்ப்பையும் கூட்டலாம். இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான். காதைப் பரிசோதிப்பது.

டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பவில்லையா? பேரப்பிள்ளை பேசுவது மட்டும் புரியவில்லை என்கிறாரா? கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாரா? 'பிடிவாதம்', 'வயசாயிட்டு' என்று முடிவு கட்டும் முன்னால் இ.என்.டி. மருத்துவரிடம் கூட்டிப் போங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. சில பேருக்கு வெறும் காது அழுக்கு அடைப்புதான் இருக்கும். எடுத்துவிட்டாலே போதும். நீங்களா எண்ணெய் ஊற்றி, குச்சி விட்டுக் குடைய வேண்டாம்.

ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். 'தானா சரியாகும்' என்று ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காட்டுங்க.

கருவி வாங்கிக் கொடுப்பதோடு உங்க கடமை முடியாது. முதல் இரண்டு மாசம் பக்கத்தில் இருந்து பழக்குங்க. என் டிரங்குப் பெட்டிக் கதையை நினைத்துக்கொள்ளுங்க.

வயசானவங்களை மருத்துவமனையில் சேர்க்கும்போது கண்ணாடியும் காதுக் கருவியும் அவங்ககூடவே இருக்கட்டும். அவை இல்லாமல் படுத்திருக்கிற முதியவருக்குக் குழப்ப நிலை வரும் ஆபத்து அதிகம்.

சத்தத்தில் வேலை செய்கிறவங்க இப்போதே காதை மூடிக்கொள்ளுங்க. எங்க மயிலாடி சிற்பக் கூடங்களில் கிரைண்டர் வைத்துக் கருங்கல் அறுக்கிற தம்பிமார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டா ஞாபகம்தான். மாஸ்க் போடுறீங்க, நல்லது. காது அடைப்பானும் போடுங்க தம்பி. நுரையில் செய்த சின்னச் சாமான்தான். பஞ்சு போதாது.

போன வாரம் வந்த பெரியவரிடம் வருவோம். என்ன வேலை பார்த்தீங்க என்று ஒரு தாளில் எழிக் காட்டினேன். 'கல் வேலை. 41 வருசம்' என்று எழுதினார். தேதி கேட்டேன், சரியா எழுதினார். கழித்தல் கணக்கும் சரி. ஸ்கேனுக்குப் பதிலா இ.என்.டி.க்கு எழுதிக் கொடுத்தேன்.

மருமகள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து, மாமனாருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, காதுக்கு டெஸ்ட் எடுக்கணுமாம். நாளைக்குப் போவமா?"

"போவம் மக்ளே," என்றார் பெரியவர்.